ஆள் இருந்த இலை

விருந்துக்குப் போகிறவனுக்குப் பெரிய தகுதி எதுவும் தேவையில்லை. உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார வேண்டும், போட்டதைச் சாப்பிட வேண்டும், கேட்காத கருத்தைச் சொல்லாமல் வீடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான். ஓரளவு ஒழுங்காக வளர்த்த நாய்க்கே இது வருகிறது. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் யாராவது ஓர் ஆசாமி கைப்பேசித் திரையில் தோன்றி, நல்ல விருந்தாளியாக நடந்துகொள்வது எப்படி என்று பாடம் நடத்த ஆரம்பித்துவிடுகிறான். இஸ்திரி கலையாத சட்டை, வெளுத்த பல், பின்னால் ஒரு செடித்தொட்டி. வெறுங்கையோடு போகாதீர்களாம். ஐந்து நிமிடம் முன்னதாகவே போங்களாம். சமையலை மனதாரப் பாராட்டுங்களாம்.

அந்த ஆசாமியை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் நான்தான் அவன்.

கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் எனக்கு வேலை. வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்பது பாதி வேலை, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எப்படிச் சிரிப்பது என்று வகுப்பு எடுப்பது மீதி வேலை. (சிரிப்பதற்குச் சம்பளம் வாங்கினேன் என்று சொன்னால் என் மனைவி வீட்டில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை.) மேசையில் எத்தனை கரண்டி பரப்பியிருந்தாலும் எதை முதலில் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். துடைத்த கைத்துணியை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியும். இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு உலகத்தில் எந்த வீட்டிலும் போய் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் உட்கார்ந்தேன். அந்தக் கதைதான் இது.

அதே ஹோட்டலில் கணக்குப் பிரிவில் இருந்தவள் புவனா. கேமரன் மலைக்காரி. கம்போங் ராஜாவைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். நாங்கள் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்திருந்தோம். என் வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது. அவள் வீட்டில் சரி சொல்ல வேண்டியவர் அவளுடைய அம்மா ஒருவர்தான். அஞ்சலை அத்தை. அப்போது எனக்கு ஆன்ட்டி. கொழுந்து பறித்தே பிள்ளையைப் படிக்க வைத்தவர். புவனாவின் அப்பா மாணிக்கம், தோட்டத்துத் தேயிலை ஆலையில் வேலை பார்த்தவர், சில வருடங்களுக்கு முன்னால் காலமாகிவிட்டார்.

புவனா அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்ன பதில் இதுதான்:

"உங்கப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்."

புவனா இதை என்னிடம் சொன்னபோது நான் நெகிழ்ந்துபோனேன். யோசிக்க அவகாசம் கேட்பதை எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார், இதை என் வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாமே என்று நினைத்தேன். அந்த அம்மாள் நிஜமாகவே கேட்கப் போகிறார், அதற்கு நாளும் நேரமும் குறித்துவிட்டார் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

"தீபாவளிக்கு மொத நாள் சாயந்தரம் சாப்பாட்டுக்கு வரச் சொல்றாங்க" என்றாள் புவனா. "ஆனா ஏழரைக்கு மேல வா. முன்னாடி வராத லா. வீட்ல வேல இருக்கும்."

இங்கே என் குடும்பத்தைப் பற்றியும் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. நாங்கள் கிள்ளான்காரர்கள். அப்பா அலுவலக உத்தியோகத்தில் இருந்தவர். அவருடைய அப்பாவும் தோட்டத்தில் இருந்து வந்தவர்தான், ஆனால் டவுனுக்கு வந்த மறுநாளே எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும் என்று யாரோ சட்டம் போட்ட மாதிரி மறந்துவிட்டார்கள். பழைய பழக்கம் என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய், அளவு சரியில்லாத சட்டையை மாற்றிக்கொண்டு வருவதை மட்டும் பழக்கமாக வைத்துக்கொண்டோம். செத்துப்போன தாத்தாவுக்கு வருடத்துக்கு ஒரு முறை கோயிலில் ஐயரிடம் பெயர் கொடுப்பதோடு சரி. அவர் பசியோடு இருப்பாரா, என்ன பிடிக்கும் என்றெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் கவலைப்பட்டதில்லை.

ஆகவே, மலையில் இருக்கும் குடும்பங்களில் அன்று சாயங்காலம் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். குடும்பத்தில் இறந்துபோனவருக்கு அன்று படைப்பார்கள். அவருடைய படத்துக்கு முன்னால் வாழை இலை போட்டு, உயிரோடு இருந்தபோது அவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டது எதுவோ அதையெல்லாம் வைப்பார்கள். கறி, மீன், கருவாடு, அவருக்குப் பழக்கம் இருந்தால் ஒரு கிளாஸ் கறுப்பு பீர்கூட. சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நிற்பார்கள். உள்ளே அவர் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காக. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குச் சாப்பாடு.

இதில் அஞ்சலை அத்தை கூடுதலாக ஒன்று செய்திருந்தார். சூடம் காட்டும்போதே, 'பொண்ணுக்கு இந்தப் பையனக் குடுக்கலாமா, நீங்க சொல்லுங்க. நாங்க உள்ள வரும்போது வெளக்கு நின்னு எரிஞ்சா சரி. அணைஞ்சிருந்தா வேணாம்' என்று கணவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்திருந்தார். என் வாழ்க்கை அந்த நேரத்தில் ஒரு காமாட்சி விளக்கின் திரியில் நின்றுகொண்டிருந்தது. நான் மலையேறும் தாப்பா பாதையில் காரில் வந்துகொண்டிருந்தேன்.

பட்டு ஜிப்பா, நறுமணத் தைலம், பின் இருக்கையில் பெரிய செவ்வந்திப் பூங்கொத்து. வெறுங்கையோடு போகக் கூடாது அல்லவா. கோலாலம்பூரில் குளிரூட்டிய பூக்கடையில் வாங்கியது. தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் ஊரே விடுமுறைக்குத் திரண்டு வந்து ஸ்ட்ராபெரிக்கு வரிசையில் நின்றது. அந்த நெரிசலில் ஊர்ந்து, திரிங்காப் வந்தபோது, மலைச்சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரைகள், அவற்றுக்குக் கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செவ்வந்தி. பின்னால் இருக்கும் பூங்கொத்தைத் திரும்பிப் பார்த்தேன். இந்த ஊரிலிருந்து போன பூவைத்தான் நான் இந்த ஊருக்கே எடுத்துவருகிறேன் என்று ஒரு சாதாரண மனிதனுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு, 'நம்முடையதில் சுற்றியிருக்கும் தாள் இதைவிட உயர்ந்தது' என்று தோன்றியது.

நான் ஏழு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். ஏழரைக்கு மேல் வா என்று சொல்லியிருந்தாளே என்று கேட்பீர்கள். அது பணிவு என்று எடுத்துக்கொண்டேன். நல்ல விருந்தாளி முன்னதாகப் போய், ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்க வேண்டும் என்று நான்தான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேனே. வீட்டுக்காரர்களின் சொல்லை நம்பக் கூடாது என்பதுதான் அந்த வகுப்பின் சாரம் என்று இப்போது புரிகிறது.

கீழே காரை நிறுத்திவிட்டு லைனை நோக்கி நடந்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது, பனி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் வீட்டு வாசலில் ஒரு குடும்பமே வெளியே நின்றது. அடுத்த வீட்டு வாசலிலும் அப்படியே. என் வருகை லைன் முழுக்கத் தெரிந்திருக்கிறது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் தலையைச் சாய்த்து வணக்கம் சொல்லிக்கொண்டே போனேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. கிராமத்து ஆட்கள், பழக்கம் இல்லை என்று பெருந்தன்மையாக மன்னித்தேன்.

புவனாவின் வீட்டு வாசலில் மூன்று பேர் வரிசையாக நின்றார்கள். தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றிய அஞ்சலை அத்தை, பக்கத்தில் புவனா, ஓரத்தில் மீசைக்காரர் ஒருவர். அவர் அத்தையின் தம்பி முனியாண்டி மாமா, கோலா தெர்லாவில் இருந்து காய்கறி லோரி ஓட்டுபவர். மூவரும் அசையாமல், பேசாமல், குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஹோட்டலில் பெரிய மனிதர்கள் வரும்போது நாங்கள் இப்படித்தான் வரிசையில் நிற்போம். ஜிப்பாவை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். ஒரே ஒரு வித்தியாசம், இவர்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாத்திய கதவைப் பார்த்து நின்றார்கள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

புவனாதான் முதலில் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் கண்ணை உருட்டி, கையைப் படபடவென்று வீசினாள். நானும் வீசினேன். விரலை உதட்டில் வைத்தாள். அம்மாவுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டு, நுனிக்காலில் நடந்தேன். படைத்த பிறகு சத்தம் போடக் கூடாது என்பதால் அவளால் கத்த முடியவில்லை. அவள் கத்தியிருந்தால்கூட, வரவேற்பு பலமாக இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருப்பேன்.

மூவரையும் சுற்றிக்கொண்டு படியேறினேன். குளிரில் நின்று எனக்காகக் காத்திருக்கிறார்களே என்று மனம் பொறுக்கவில்லை.

"இந்தக் குளிர்ல ஏன் ஆன்ட்டி வெளிய நிக்கறீங்க? எனக்காகவா? உள்ள வாங்க" என்று சொல்லி, கதவை அகலத் திறந்து, ஓரமாக ஒதுங்கிக் குனிந்து கையை நீட்டினேன். "லேடீஸ் ஃபர்ஸ்ட்."

யாரும் அசையவில்லை. மலைக்காற்று மட்டும் என்னைத் தாண்டி முதலில் உள்ளே போனது.

அவர்கள் தயங்குவதைப் பார்த்து, விருந்தாளிதான் முதலில் போக வேண்டும் போலிருக்கிறது என்று நானே உள்ளே போனேன். அரை இருட்டு. சாம்பிராணி வாசம். சுவரில் ஒருவருடைய படம், மாலை போட்டிருந்தது. கீழே பாய் விரித்து ஒரே ஓர் இலை, இலை நிறையச் சாப்பாடு, பக்கத்தில் ஒரு கிளாஸ். ஒரே இலையைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது எனக்கு. வந்தவனை முதலில் உட்கார வைத்துச் சாப்பிடச் செய்துவிட்டுத்தான் வீட்டார் சாப்பிடுவார்கள். என்ன பண்பாடு. படத்தில் இருப்பவர் பெண்ணின் அப்பா, பாவம், அவர் முன்னிலையில் மாப்பிள்ளைக்கு விருந்து. கண் கலங்க அவரைக் கும்பிட்டேன். பூங்கொத்தை ஓரமாக வைத்துவிட்டு, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உளுந்து வடையை எடுத்து ஒரு கடி கடித்தேன்.

வாசலில் மூன்று முகங்கள் தெரிந்தன.

"வட ரொம்ப அருமையா இருக்கு ஆன்ட்டி" என்றேன். சமையலை மனதாரப் பாராட்ட வேண்டும் அல்லவா.

"எந்திரிங்க தம்பி" என்றார் அஞ்சலை அத்தை. குரல் மிக மெதுவாக இருந்தது.

"பரவால்ல ஆன்ட்டி, நீங்களும் ஒக்காருங்க. நான் மட்டும் சாப்ட்டா நல்லா இருக்காது."

முனியாண்டி மாமா உள்ளே ஓர் அடி வைத்தார்.

"தம்பி, அது எங்க மச்சானோட எல."

"அப்படியா, சாரி அங்கிள். மச்சான் எங்க, வெளிய போயிருக்காரா?"

"இல்ல" என்றார் மாமா. "நீ அவரு மேலதான் ஒக்காந்திருக்க."

கடித்த வடை வாயில் அப்படியே நின்றது. படத்தைப் பார்த்தேன். இலையைப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன். எழுந்த வேகத்தில் என் முழங்கால் பட்டு கிளாஸில் இருந்த பீர் கொஞ்சம் தளும்பி பாயில் கொட்டியது. கெட்டுப்போவதற்கு அங்கே இன்னும் ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அதையும் கெடுத்திருப்பேன்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அணைந்து, திரி மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

"வேணாம்னுட்டாரு" என்றார்.

"அம்மா, காத்துலதான் அணைஞ்சிச்சி" என்றாள் புவனா. அப்போதுதான் அவள் எனக்கு விளக்கின் விவரத்தைச் சொன்னாள். மூன்று வருடமாகப் பழகி, இரண்டு குடும்பத்தையும் தயார் செய்து, கடைசியில் ஒரு வடைக்காகப் பெண்ணைத் தொலைத்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"காத்த உள்ள விட்டது யாரு?" என்றார் அத்தை.

"இவன்தான்" என்றாள் புவனா. என்ன ஓர் ஆதரவு.

"இவர இந்த நேரத்துக்குக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துனது யாரு?"

அத்தையின் கண் படத்துக்குப் போனது.

"சாப்புடும்போது தொரையே வந்து கூப்ட்டாலும் எந்திரிக்காத மனுசன்" என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "நெசமாவே ஒரு நாள் தொர வந்து கூப்ட்டாரு. இரு தொர, மோரு ஊத்திக்கிட்டு வர்றேன்னு சொன்ன ஆளு. அவர எழுப்பி விட்டுட்டானே."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. (தோன்றியிருக்கக் கூடாது.) பதறும்போது மனிதனுக்கு நெஞ்சில் இருப்பது வாயில் வரும் என்பார்கள். என் நெஞ்சில் ஹோட்டல்தான் இருந்தது. படத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு சொன்னேன்:

"தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மிகவும் வருந்துகிறோம். இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறோம்."

"இவன் யார்கிட்ட பேசறான்?" என்று மாமா புவனாவைக் கேட்டார்.

"அப்பாகிட்ட."

"பேசறது அவருக்கு வெளங்குமா? தமிழ்ல பேசச் சொல்லு."

பிறகு மாமாவின் கண் பூங்கொத்தில் விழுந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பூவ எங்க வாங்குன?"

"கோலாலம்பூர்ல, அங்கிள்."

"போன வாரம் திரிங்காப்ல ஏத்தி நாந்தான் எறக்கிட்டு வந்தேன். நல்லா ஊரச் சுத்திப் பாத்துட்டு வந்திருக்கு" என்று சொல்லி மூலையில் சாய்த்து வைத்தார்.

அத்தை பாயில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மனிதர் வருடத்துக்கு ஒரு நாள் வருகிறார், அன்றைக்கும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார் என்று அவருக்குத் துக்கம். என் கல்யாணம் அந்தத் துக்கத்தின் ஓரத்தில் எங்கேயோ கிடந்தது. அப்போதுதான் எனக்கு முதல் தடவையாக உறைத்தது. இவர்கள் விளையாட்டுக்காகக் குளிரில் நிற்கவில்லை. உள்ளே ஒருவர் சாப்பிடுகிறார் என்று மனதார நம்பி, அவருக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று நின்றிருக்கிறார்கள். அந்த மரியாதைக்குப் பக்கத்தில் என் கரண்டி ஞானத்தை வைத்துப் பார்த்தேன். தூ என்று இருந்தது.

தீர்ப்பு சொன்னவர் மாமாதான்.

"அக்கா, அவரு கோவிச்சிக்கிட்டு ரொம்ப தூரம் போயிருக்க மாட்டாரு. பசியோட இருப்பாரு. சட்டியில இன்னும் இருக்குல்ல? வேற எல போடு. மறுபடி கூப்புடு. வெளக்கையும் ஏத்து. இன்னொரு வாட்டி கேப்போம்."

"இந்த எலய என்னா பண்றது?" என்றார் அத்தை. "அவருக்கு வச்சது. குப்பையில போட முடியாது."

மாமா என்னைப் பார்த்தார். லோரியில் ஏற்ற வேண்டிய கோஸ் மூட்டையைப் பார்ப்பது போன்ற பார்வை.

"கை வச்சவன்தான் முடிக்கணும்" என்றார்.

அப்படியாக, உள்ளே புது இலை போட்டார்கள், விளக்கை ஏற்றினார்கள், அத்தை சூடம் காட்டிக் கணவரிடம் நீண்ட நேரம் மன்னிப்புக் கேட்டார். கதவைச் சாத்தினார்கள். இந்த முறை நான்கு பேரும் வெளியே. எனக்குக் கவிழ்த்துப் போட்ட காய்கறிக் கூடை ஒன்று ஆசனம். மடியில் பழைய இலை, ஒரு தட்டின் மேல். காலடியில் பீர் கிளாஸ். உள்ளே அவர், வெளியே நான், ஒரே நேரத்தில் ஒரே சாப்பாடு. மாமா என் இடது கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார், நான் மறுபடி எழுந்து போய் யாருக்காவது கதவு திறந்துவிடுவேன் என்று.

புவனாவின் அப்பா மாணிக்கத்தின் ருசி எளிய ருசி அல்ல. ஆட்டுக்குடல் குழம்பு. ரத்தப் பொரியல். உறைப்பு மிளகாயான கொச்சிக்காயை அரைத்துப் போட்ட கருவாட்டுச் சம்பல். டவுனில் நான் கோழியைக்கூடத் தோல் உரித்து, எலும்பு எடுத்து, மேலே ஒரு கொத்தமல்லி இலை வைத்தால்தான் சாப்பிடுகிற ஜாதி. குடலை வாயில் வைத்து மென்றேன். மென்றேன். அது என்னைவிடப் பொறுமையாக இருந்தது. எப்படியோ விழுங்கிவிட்டு, பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன்.

"குடல் ரொம்ப பக்குவமா..."

"பேசாம சாப்புடுங்க தம்பி" என்றார் அத்தை, கதவைப் பார்த்தபடியே. "சாப்புடறப்ப பேசுனா அவருக்குப் புடிக்காது."

வாயை மூடினேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு சாப்பாட்டைப் பாராட்டாமல் நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான். ரத்தப் பொரியல் போனது. பீர் கசந்தது, அதுவும் போனது. பட்டு ஜிப்பாவுக்குள் குளிர் புகுந்து பல் தந்தியடித்தது. சம்பல்தான் என்னைக் கவிழ்த்தது. முதல் வாயிலேயே காது அடைத்து, இரண்டாவது வாயில் கண்ணிலிருந்து நீர் கொட்ட ஆரம்பித்தது. ஒரு கை மாமாவிடம், ஒரு கை சோற்றில். துடைக்க வழியில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தாரை தாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இலையை வழித்து முடித்தேன்.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். தன் கணவருக்காக முகம் தெரியாத ஒரு பையன் இப்படி அழுகிறானே என்று அவர் மனம் இளகிவிட்டது என்று எனக்குப் பட்டது. உள்ளுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உறிஞ்சினேன்.

மாமா கதவைத் தட்டினார். "மச்சான், வரலாமா?" என்று கேட்டுவிட்டு மெதுவாகத் திறந்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். பிறகு சுவாசத்தை வெளியே விடவும் பயம், அந்தக் காற்று போய் அணைத்துவிட்டால் என்ன செய்வது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆடாமல் அசையாமல், தோட்டத்துத் துரை பங்களாவில் வைத்த விளக்கைப் போல நேராக.

அத்தை அதைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, என் மடியில் இருந்த இலையைப் பார்த்தார். அதில் ஒரு கறிவேப்பிலைகூட மிச்சம் இல்லை.

"எலய மடிச்சிட்டுக் கை கழுவிட்டு உள்ள வாங்க மாப்புள்ள" என்றார். "சூடா சாப்புடலாம்."

தம்பி மாப்பிள்ளை ஆனது எனக்கு உடனே புரியவில்லை. புவனா என் விலாவில் இடித்த பிறகுதான் புரிந்தது. மறுபடியும் சாப்பிட வேண்டும் என்பதும் அப்போதுதான் புரிந்தது. உள்ளே போய் உட்கார்ந்து இரண்டாவது முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டேன். அருமை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அந்தக் கண்ணீர் விஷயத்தை ரொம்ப நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தையை நெகிழ வைத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன கர்வம். கல்யாணம் ஆன பிறகு ஒரு நாள் பெருமையாகப் புவனாவிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

"ஆயுசுக்கும் கொச்சிக்கா அரச்சவங்களுக்கு அழுகைக்கும் ஒரப்புக்கும் வித்தியாசம் தெரியாதுன்னா நெனச்ச? எலய வெளிய எடுத்துட்டு வரும்போது அம்மாதான் சம்பல இன்னும் ரெண்டு கரண்டி வச்சாங்க. எழுந்து ஓடறானா பாப்போம்னாங்க."

அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டது போக, அம்மா தானும் ஒரு பரீட்சை வைத்திருக்கிறார். நான் பாஸ் செய்தது அதில்தான் என்று நினைக்கிறேன். விளக்கைப் பற்றி எனக்குத் தெரியாது. அது அவர்களுக்குள் இருக்கும் விஷயம்.

எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் முனியாண்டி மாமா மண்டபத்து வாசலில் போய்க் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் பிறந்த நாளுக்கு யாரும் கேக் படம் போடுவதில்லை, சாத்திய கதவின் படம்தான் போடுகிறார்கள். அந்த லைனில் என்னை ஹோட்டல்காரர் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. மாணிக்கத்தை எழுப்பிவிட்டவர் என்றால் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். நல்ல விருந்தாளி வகுப்பை நான் அந்த வருடமே விட்டுவிட்டேன்.

இப்போதும் ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் நாள் மலைக்குப் போகிறோம். ஏழரைக்கு மேல் இல்லை, மத்தியானமே போய்விடுவோம், என்னைக் கண் பார்வையில் வைத்திருக்க. இலை போட்டு, விளக்கேற்றி, எல்லாரும் வெளியே வந்து, கதவைச் சாத்துவோம். மாமா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் அத்தை கதவுக்குப் பக்கத்தில் போய், வாயைக் கதவோடு வைத்து, உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி சொல்வார்:

"மெதுவா சாப்புடுங்க. மருமகனப் புடிச்சி வச்சிருக்கோம்."